ஒரே நோயாளி, இரண்டு டிஸ்சார்ஜ்: பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 63 வயது ஆண். அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிற்றூர், ஓட்டு வீடு. மனைவிக்கு 57 வயது, சர்க்கரையும் முட்டி வலியும் உண்டு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இவருக்குப் பல வருடமாக ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருந்தன. மாத்திரையை விட்டு விட்டுப் போடுவார்.

ஒரு நாள் விடியற்காலையில் மனைவி எழுப்பும்போது வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாய் கோணியிருந்தது, பேச்சு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இவருக்குத் தூக்கத்திலேயே நடந்துவிட்டதால் எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் ஊசி போடவில்லை. மூளையின் இடது பக்கம் பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்கேன் காட்டியது. ஐசியூவும் வார்டுமாக 12 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் செவிலியர். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். பக்கவாதம் எங்களுக்குப் புதிதில்லை. இவரைப் பற்றி எழுதக் காரணம், இதே மனிதர் சில வார இடைவெளியில் இரண்டு முறை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார் என்பதுதான். நோய் அதே நோய், வீடு அதே வீடு, பார்த்துக்கொண்டவரும் அதே மனைவி. ஆனால் இரண்டு முறையும் நடந்தது ஒன்றாக இல்லை. வித்தியாசம் எங்கே வந்தது என்று பார்த்தால், வார்டில் அந்த அம்மாவின் கை என்ன செய்து பழகியிருந்தது என்பதில்தான் வந்தது.

முதல் டிஸ்சார்ஜ்

கையில் கொடுத்தது ஆங்கிலத்தில் நாலு பக்கம். ஸ்கேன் விவரம், ரத்தப் பரிசோதனை, கொடுத்த மருந்துகள் எல்லாம் தெளிவாக இருந்தன. மூளைக்குள் என்ன நடந்தது என்று ஒரு டாக்டர் படித்தால் முழுதாகப் புரியும். இன்று ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் ரெண்டு வரி: மூக்குக் குழாய் வழியாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 200 மில்லி உணவு, படுக்கையில் நிலை மாற்றவும், பிசியோதெரபி, இரண்டு வாரத்தில் ஓபி.

அந்த அம்மா எட்டாவது வரை படித்தவர். வார்டில் இருந்த நாளெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தார். ஆனால் உடம்பு துடைக்கும்போதும் குழாயில் ஊற்றும்போதும் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் "கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். ஸ்கிரீனை இழுத்துவிட்டு வேலையை முடிப்பது எல்லா வார்டிலும் உள்ள பழக்கம்தான், நோயாளியின் மானத்துக்காகச் செய்வது. ஆனால் நாளைக்கு இதையெல்லாம் செய்யப் போகிறவர் ஸ்கிரீனுக்கு வெளியே நிற்கிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. கிளம்புகிற அன்று காப்பீட்டு ஒப்புதல் வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு சிஸ்டர் அவசரமாக வந்து வாயால் சொல்லிக் கொடுத்தார். அந்த சிஸ்டர்மேல் எனக்குக் குறையில்லை. ஒரு ஆள் எத்தனை படுக்கைகளைப் பார்ப்பார்?

வேன் வீடு வந்து சேர இரவு 9 மணி. மருந்துக் கடை அடைத்துவிட்டார்கள். குழாயில் ஊற்றுவதற்கான 50 மில்லி சிரிஞ்சு வாங்கவில்லை. திண்ணை நிறைய உறவுக்காரர்கள். மரக் கட்டிலில் மட்டமாகப் படுக்க வைத்து, ஊசி போடும் சின்ன சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஏற்றியிருக்கிறார்கள். அவர் இருமியதும் பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். விடியும் வரை வயிற்றுக்கு வேறு ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் பொடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் பார்த்தது

மகள் போன் செய்து நாங்கள் போனது மூன்றாவது நாள். அவர் வியர்த்துத் தளர்ந்து கிடந்தார். அசதி என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். குளுக்கோமீட்டரில் 62 காட்டியது. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதித்தோம். சர்க்கரை ஏறியது, ஆளும் கண் விழித்துப் பார்த்தார்.

ஏன் இறங்கியது? மாத்திரைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டு இடித்துக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்ஆர் இருந்தது. எஸ்ஆர், எக்ஸ்எல் என்று முடியும் மாத்திரைகள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே போகும். அதைவிட முக்கியமாக, கூடவே கிளிமிபிரைடு இருந்தது. அது சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிவிடும். உணவோ பாதிகூடப் போகவில்லை. வயிற்றுப் புண்ணுக்கான பேண்டோபிரசோலும் அந்தப் பொடியில் இருந்தது. மேல் பூச்சோடு முழுங்க வேண்டிய மாத்திரை அது. இடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும், அந்தப் பூச்சு குழாயையும் அடைக்கும். குழாய் ஏற்கெனவே பாதி அடைத்துத்தான் இருந்தது.

யூரின் பை ஜன்னல் கம்பியில் தொங்கியது. தரையில் அழுக்கு படக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பி அவர் படுத்திருந்த உயரத்துக்கு மேலே. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும், கூடவே கிருமியும் போகும். கட்டில் சட்டத்தில் ஒரு கயிறு கட்டி, தரையில் படாமல் மாற்றி மாட்டினோம்.

அப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே வால் எலும்பு மேல் உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. நடுவில் ஒரு இடம் உரிந்து ஈரமாக இருந்தது. படுத்த தழும்பு என்று நினைத்து பவுடர் போட்டிருந்தார்கள். புத்தகங்களில் படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்றுதான் இருக்கும். நம் நிறத்துத் தோலில் சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ கருநீலமாகவோ தெரியும். புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கும், விரலால் அழுத்தினால் கெட்டியாகவோ தொளதொளப்பாகவோ இருக்கும். கண்ணைவிடக் கைதான் இதை முதலில் கண்டுபிடிக்கும். இவருக்கு வந்திருந்தது இரண்டாம் நிலை, அதாவது மேல் தோல் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சதை வரை போயிருக்கும்.

வேலையைத் தொடங்கியது

முதல் வேலை உட்கார வைப்பது. மூக்குக் குழாயில் உணவு போகும்போதும், போன பிறகு குறைந்தது அரை மணி நேரமும், தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தூக்கி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும் அன்றைக்கு இல்லை. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகுப் பலகை சரிவாக வரும்படி வைத்து, மேலே இரண்டு தலையணை வைத்தோம். அருமையான சாய்மானம். முட்டிக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் ஆள் கீழே சறுக்க மாட்டார். சறுக்கினால் எலும்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக இழுபட்டு முதுகுப் புண் பெரிதாகும்.

குழாய் மூக்கை விட்டு வெளியே வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டோம். ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு வெளியே வந்திருந்தாலோ, குழாய் வாய்க்குள் சுருண்டு தெரிந்தாலோ, அவர் இருமிக்கொண்டு இருந்தாலோ ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, எங்களுக்கு போன் செய்ய வேண்டும். அடுத்து சிரிஞ்சால் மெதுவாக இழுத்து வயிற்றுத் திரவம் வருகிறதா என்று பார்ப்பது. காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம்.

உணவு அரிசியும் பாசிப் பருப்பும் குழைய வெந்த கஞ்சி, மிக்ஸியில் அடித்துத் துணியில் வடித்தது. இடையில் பால், மோர், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு அடித்துக் கலந்தது. புண் ஆறப் புரதம் வேண்டும் என்று சொன்னதும் அந்த அம்மா ஒரு நாளைக்குப் பருப்பை இரட்டிப்பாக்கிவிட்டார், கஞ்சி குழாயில் இறங்கவில்லை. பிறகு அளவு சரியாயிற்று. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, தலைக்கு மேல் ஒரு முழத்துக்குள் பிடித்து, தானாக இறங்க விட வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டுப் பொடிக்கக் கூடியவையாக மாற்றி, ஒவ்வொன்றாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னோம்.

வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று மகள் கேட்டார். எச்சில் முழுங்க முடியாதவரின் வாயில் கிருமி பெருகும், அந்த எச்சில் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. எனவே காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷாலும் நனைத்த துணியாலும் பல், நாக்கு, கன்னத்தின் உள்பக்கம்.

புரட்டிப் படுக்க வைப்பதில்தான் பெரிய சிக்கல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது சொல்ல எளிது. முட்டி வலி உள்ள ஒரு பெண், தன்னைவிடக் கனமான ஆளை எப்படித் தனியாகப் புரட்டுவது? அவருடைய பழைய வேட்டியை நாலாக மடித்து தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தோம். வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஆள் நகர்கிறார். எதிர்ப்பக்க முட்டியை மடக்கி வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்துத் தன் பக்கமாக உருட்டினால் பாதி பலம் போதும். முழுதாக ஒருக்களிக்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சாய்வாக விட்டால் இடுப்பு எலும்பின் மேலும் பாரம் விழாது. குதிகால் எதன் மேலும் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி. விழுந்த கையைப் பிடித்து யாரும் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். உறவுக்காரர்கள் எல்லோரும் அதைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று மெத்தை வாங்கினார்கள். நல்லதுதான், ஆனால் மெத்தை இருந்தால் புரட்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது தவறு.

கணக்கு வைக்க நோட்டு வாங்கச் சொன்னோம். அந்த அம்மா தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். ஒரு நாளுக்கு ஒரு தாள். இடம், வலம், மல்லாந்து என்று மணியோடு எழுதுவார். எத்தனை மில்லி போனது, சிறுநீர் எவ்வளவு வந்தது, எந்த மாத்திரை. எங்கள் குழுவில் அச்சடித்த படிவம் இருக்கிறது, அதைவிட இந்தத் தாள்களில்தான் எனக்கு அதிகம் புரிந்தது. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இந்தம்மா எப்போது தூங்குகிறார் என்று கேட்கத் தோன்றியது.

ஒரு ஸ்பூன் காபி

இரண்டாவது வாரம் ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். நோயாளிக்குத் தாய்மாமன் முறை. வாய் வறண்டு கிடக்கிறதே, ஒரு வாய் காபிக்குக்கூட விதியில்லையா என்று மனம் பொறுக்காமல், படுத்தவாக்கிலேயே நாலைந்து ஸ்பூன் ஊற்றினார். இருமவில்லை. "பாரு, நல்லாத்தானே முழுங்குறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருமல் வராதது நல்ல அறிகுறி இல்லை. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சியே மங்கியிருக்கலாம், அப்போது தண்ணீர் போன்ற நீர்த்த பொருள் சத்தமில்லாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். பிசைந்த கெட்டியான உணவைவிடக் காபி, இளநீர், தண்ணீர் ஆகியவைதான் இவர்களுக்கு ஆபத்து. வீட்டில் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். புறா ரத்தம் கொடுத்தால் பக்கவாதம் நிற்கும் என்று சொல்பவர்கள் இன்னும் எங்கள் பக்கம் உண்டு. அதையும் வாயில்தான் ஊற்றுவார்கள்.

மறுநாள் இரவு காய்ச்சல். காலையில் நாங்கள் போனபோது நிமிடத்துக்கு 32 மூச்சு, விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் 89. 108க்குச் சொல்லி அனுப்பினோம். வலது நுரையீரலின் அடிப்பக்கம் நிமோனியா. இந்த முறை சேர்த்தது வேறொரு மருத்துவமனையில்.

பெரியவரை யாரும் திட்டவில்லை, திட்டவும் கூடாது. அன்பில் செய்தது. பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தாய்மாமனிடம் "ஊத்தாதீங்க" என்று அந்த அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்? பிறகு நாங்கள் பெரிய எழுத்தில், வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, டாக்டர் உத்தரவு என்று எழுதித் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினோம். டாக்டர் பெயரில் மறுப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

இரண்டாவது டிஸ்சார்ஜ்

அந்த வார்டில் மூத்த செவிலியர் ஒருவர் இருந்தார். நோயாளி கொஞ்சம் தேறியதும், ஸ்கிரீனை இழுத்துவிட்டு அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். ஒரு முறை தான் செய்து காட்டினார். அடுத்த முறையிலிருந்து சிரிஞ்சை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாராம். தப்பு வந்தால் வாயால் சொல்வார், கை நீட்ட மாட்டார். புரட்டுவதும் அப்படியே, வாய் துடைப்பதும் அப்படியே. ராத்திரி உணவை மகள் கொடுத்துப் பழகினார். "வீட்ல இருந்து பயந்து பயந்து செஞ்சேன் சிஸ்டர், அங்க அவங்க பக்கத்துல நிக்கும்போது தப்பு பண்ணா பரவாயில்லன்னு இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். கற்றுக்கொள்வதற்கு அதுதான் இடம். தப்பு செய்தால் தாங்கிக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தில் தப்பு செய்துவிட வேண்டும்.

யூரின் டியூப் ஏன் இன்னும் இருக்கிறது என்று டாக்டரே கேட்டார். முதல் டிஸ்சார்ஜில் எப்போது எடுப்பது என்று எழுதவே இல்லை. ஐசியூவில் போட்டது அப்படியே வீட்டுக்கு வந்திருந்தது. எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீர் தானாகப் போயிற்று. இரவுக்கு மட்டும் ஆணுறை போல வெளியே மாட்டும் உறை. கிருமித் தொற்றுக்கு இருந்த ஒரு வாசல் அடைபட்டது. சர்க்கரை மருந்தையும் குழாய் உணவுக்கு ஏற்ப மாற்றினார்கள். தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்: எத்தனை மணிக்கு என்ன, எது நடந்தால் உடனே 108, எது நடந்தால் போன் செய்து கேட்கலாம். மூச்சு வாங்கினால், கூப்பிட்டுக் கண் திறக்காவிட்டால், புதிதாகக் கை கால் இழுத்தால், வலிப்பு வந்தால் 108. குழாய் வெளியே வந்தால், ஒரு வேளை உணவு போகாவிட்டால், புதிதாக ஒரு இடம் கறுத்தால் போன். குழாய் வெளியே வருவது அவசரம் இல்லை என்று தெரிந்ததே அந்த அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. முதல் முறை அதை நினைத்தே தூங்காமல் இருந்திருக்கிறார்.

முந்தின நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். காலை 10 மணிக்கு விட்டார்கள். வேன் வரும்போது கட்டிலும் சிரிஞ்சும் மருந்தும் வீட்டில் இருந்தன, நாங்களும் இருந்தோம்.

அதன் பிறகு அவர் மருத்துவமனையில் படுக்கவில்லை. முதுகுப் புண் ஒரு மாதத்தில் ஆறியது.

பார்த்துக்கொண்டவர்

நோயாளிக்கு பிரஷர் பார்க்கிற கையோடு அந்த அம்மாவுக்கும் ஒரு நாள் பார்த்தோம். 180/100. தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு மறந்துபோச்சு என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்கும் கேள்வி "அவருக்கு எப்படி இருக்கு?" என்பதுதான். அவரைக் கேட்க ஆளில்லை.

மகனிடம் போனில் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். பணம் அனுப்புகிறார், குறையில்லை. ஆனால் அம்மா படுத்துவிட்டால் இரண்டு பேரையும் பார்க்க எவ்வளவு பணம் அனுப்புவார்? வேலையைப் பங்கு போட்டோம். வாரத்தில் இரண்டு இரவு மகள். ஒரு இரவு கொழுந்தன் மகன், பாலிடெக்னிக் படிக்கிற பையன், அவன்தான் எல்லோரையும்விட அழகாகப் புரட்டுகிறான். புண் ஆறிய பிறகு, டாக்டர் சரி என்றதும், காற்று மெத்தையில் இரவில் மட்டும் புரட்டும் இடைவெளியை நீட்டி, காலையில் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். கறுப்பு எதுவும் வரவில்லை. அந்த அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. எந்த மாத்திரையையும்விட அது அவரை மாற்றியது.

பேச்சு

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் முன்னாலேயே நிலத்தை விற்பது பற்றிப் பேசினார்கள், எத்தனை நாள் தாங்கும் என்று பேசினார்கள். இடது மூளை பாதித்தால் பேச்சு போவது வழக்கம். ஆனால் சொல்ல முடியாததும் புரியாததும் வேறு வேறு. கண்ணை மூடுங்கள், இடது கையைத் தூக்குங்கள், காசை எடுத்து என்னிடம் கொடுங்கள் என்றெல்லாம் சொன்னபோது சரியாகச் செய்தார். அந்த அம்மா அன்றைக்கு அழுதார். இதுவரை என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்று நினைத்து.

மனப்பாடமாக வாயில் ஊறிப்போன வரிசைகள் இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கியிருப்பதுண்டு. ஒன்று, இரண்டு எண்ணுவது, சாமி பாட்டு, கிழமைகள். பேச்சுப் பயிற்சியாளர் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நடத்துநராக இருந்தவருக்குப் பழகிய பேருந்து நிறுத்தங்களின் வரிசையை "கும்பகோணம், தாராசுரம்" என்று எடுத்துக்கொடுத்து நிறுத்தினார். நோயாளியின் உதடு அசைந்தது, "பாபநாசம்" என்றார். பிறகு "அய்யம்பேட்டை". பிறகு "தஞ்சாவூர்". பக்கவாதம் வந்த பிறகு வீட்டார் கேட்ட முதல் வார்த்தைகள் இவைதான். இதனால் பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்க அவரால் அப்போதும் முடியவில்லை. படங்கள் ஒட்டிய அட்டையைக் காட்டித்தான் கேட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு யாரும் அவர் முன்னால் அவர் இல்லாததுபோலப் பேசவில்லை.

நடுவில் சில வாரம் பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பிடிவாதம் என்று வீட்டில் நினைத்தார்கள். டாக்டர் மருந்து தொடங்கினார், மெதுவாகத் தெளிந்தது.

ஆய்வுகள் சொல்வது

குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஆய்வு எனக்கு எதிராக நிற்கும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்த்து 47 சதவீதம். பயிற்சி பெறாத குடும்பங்களிலும் அதே 47 சதவீதம். பிரிட்டனில் 2004இல் வந்த ஆய்வு ஒன்று, பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் சுமையும் கவலையும் குறைந்ததாகச் சொன்னது. அதே நாட்டில் 36 பக்கவாதப் பிரிவுகளில் பெரிதாகச் செய்து 2013இல் வெளியிட்டபோது அந்தப் பலன் தெரியவில்லை.

நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். செத்துப்போன மூளைத் திசுவை மனைவியின் பயிற்சி உயிர்ப்பிக்காது. விழுந்த கை எவ்வளவு எழும் என்பதை அடைப்பின் அளவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: சர்க்கரை 62க்கு இறங்காமல் இருப்பது, பை ஜன்னலில் தொங்காமல் இருப்பது, முதுகு கிழியாமல் இருப்பது. இவை எதுவும் பக்கவாதத்தால் வந்தவை இல்லை, டிஸ்சார்ஜ் ஆன விதத்தால் வந்தவை. பிரிட்டனில் வீடு திரும்புகிறவருக்குப் பின்னால் ஒரு செவிலியர் அமைப்பு இருக்கிறது. இங்கே பல வீடுகளில் முதல் மூன்று நாளைக்கு மனைவிதான் செவிலியர், மருந்தாளுநர், எல்லாமும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபிஸ்டும் நோய்த் தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். இவருக்கும் இப்போது மாத்திரை அப்படித்தான் வருகிறது. இனி விட்டு விட்டுப் போட முடியாது, அடுத்த அடைப்பைத் தள்ளிப்போடுவது அந்த மாத்திரைகள்தான். ஆனால் ஒருவர் இன்று டிஸ்சார்ஜ் ஆகிறார் என்ற செய்தி அந்த ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலருக்கு மருத்துவமனையிலிருந்து போய்ச் சேர வேண்டும். இவருடைய முதல் டிஸ்சார்ஜில் அது போகவில்லை, போன் செய்தது மகள்தான். தொடர்பு அறுந்துபோவது அந்த இடத்தில். அதற்குப் புதுத் திட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. வார்டிலிருந்து ஒரு போன் போதும், கிளம்புகிற அன்று இல்லாமல் முந்தின நாளே.

ஆறு மாதம் கழித்து

முதல் நாள் பார்த்தபோது அன்றாட வேலைகளுக்கான பார்தெல் அளவுகோலில் அவருக்கு 100க்கு 0. ஆறாவது மாதம் 45. மூக்குக் குழாய் மூன்றாவது மாதம் எடுக்கப்பட்டது. விழுங்கும் பயிற்சியைக் கெட்டியான கேழ்வரகுக் கூழில் தொடங்கி, தயிரில் பிசைந்த குழைந்த சாதத்துக்கும், பாலில் ஊறிய இட்லிக்கும் வந்தோம். நீர்த்தவை கடைசியில். காபி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

வாக்கர் பிடித்து, ஒரு ஆள் கூட நிற்க, கூடத்துக்குள் நடக்கிறார். வலது கை மேசை மேல் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது, விரல் மடங்கவில்லை. கை வருமா என்று அந்த அம்மா கேட்டார். பெரிதாக வர வாய்ப்பு குறைவு, இடது கையால் சாப்பிடவும் சட்டை போடவும் பழக்குவோம் என்றேன். சாப்பிடுவது இடது கையாலா என்று முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே ஸ்பூன் வாங்கி வந்தார்.

மீதமிருப்பது கழிப்பறை. கொல்லையில் இருக்கிறது, மூன்று படி இறங்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்காரும் வகை. இப்போதைக்குக் கட்டில் பக்கத்தில் துளை போட்ட நாற்காலி. மகன் பொங்கலுக்கு வந்தபோது அளவெடுத்து, படிகளைச் சரிவாக்கி வெஸ்டர்ன் வைப்பதற்குக் கொத்தனாரிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். கைப்பிடிக் கம்பியை இடது கைப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறோம். அந்த அம்மாவின் பிரஷர் போன வாரம் 136/84.